டிவியைத் திட்டுறது ஒரு நோயாங்க, டாக்டர்?

கேள்வி:

டாக்டருக்கு வணக்கமுங்க. எனக்கு வயசு 68. பள்ளிபாளையம் பக்கம். முப்பத்தஞ்சு வருசம் தறிப்பட்டறை ஓட்டினேன். நாலு தறியில ஆரம்பிச்சு எட்டு தறி வரைக்கும் வெச்சிருந்தேன். கட்டுபடியாகாம தறிகளை எடைக்குப் போட்டுட்டு இப்ப வீட்டுல இருக்கேன். மகன் தினமும் ரயில்ல திருப்பூர் போய் பனியன் கம்பெனியில வேலை பார்க்கிறான்.

என் பிரச்சினை என்னன்னா, எதைப் பார்த்தாலும் எரிச்சலா வருது. செய்தி போட்டா நாலு பேர் ஒண்ணா கத்தறாங்க. அமெரிக்காக்காரன் வரி போட்டதுல மகன் கம்பெனியில ஓவர்டைம் நின்னு போச்சு. அதைப் பத்தி ஒரு மணி நேரம் விவாதம் பார்த்தேன், முடிவுல ஒண்ணும் தெரியல. செய்தி வாசிக்கிற புள்ளைங்க பாதி வார்த்தையை முழுங்குதுங்க. சீரியல்ல மியூசிக்தான் கேக்குது, பேச்சு புரியறதில்ல. விளம்பரம் வந்தா காதைப் பொளக்குது. வீட்டுக்காரி பொழுதோட உட்கார்ந்தா பத்து மணி வரைக்கும் அந்தச் சீரியல்தான். பேத்தி போனை விட்டு நிமிர மாட்டேங்குது, ஏதாவது கேட்டா வாய்க்குள்ளேயே முணுமுணுக்குது. ரேஷன் கடையில என் விரல் ரேகை விழ மாட்டேங்குது. பேங்க்குக்குப் போனா ஆப்புல பண்ணுங்கங்கறாங்க. ஒறம்பரைங்க வாட்ஸ்அப் குரூப்புல வர்றதை நானும் நாலு பேருக்கு அனுப்புவேன், அதுலயும் சண்டை வருது. பேக்கரிக்குப் போறதையும் விட்டுட்டேன். அங்கேயும் ஆளுக்கொண்ணு பேசறாங்க, ஒண்ணும் வெளங்கல. ராத்திரி தூக்கம் வராம யூடியூப்ல அந்த விவாதத்தையே மறுபடியும் பார்த்துட்டு இருப்பேன்.

போன வாரம் மகன், 'உங்களுக்கு எதைக் கண்டாலும் குத்தம், ஒரு டாக்டரைப் பாருங்கப்பா'ன்னு சொல்லிட்டான். டிவியைத் திட்டுறது ஒரு நோயாங்க? மாத்திரை ஏதாச்சும் சாப்பிடணுமா?

பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

மனநல மருத்துவரின் பதில்:

ஐயா, வணக்கமுங்க.

நோய் இல்லீங்க. உங்கள் கடிதத்தில் இருக்கிற குறைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் நியாயமான குறைகள். முப்பத்தைந்து வருடம் துணியில் ஒரு இழை விட்டுப்போயிருந்தாலும் கண்டுபிடித்து ஆளைக் கூப்பிட்டுக் காட்டியவர் நீங்கள். டிவியில் வரும் குறை மட்டும் உங்கள் கண்ணுக்குத் தப்புமா? உங்கள் மகன் இதைச் சலிப்பு என்று நினைக்கிறார். எனக்கு அப்படித் தெரியவில்லை.

ஆனால் நீங்கள் குறையைச் சொல்லும் ஆள்தான் தப்பான ஆள். சேனல்காரர் மேல் உள்ள கோபத்தை உங்கள் வீட்டுக்காரம்மா கேட்டுக்கொண்டிருக்கிறார். பேங்க் மேல் உள்ள கோபத்தை மகன் கேட்கிறார். அவர்களால் ஒன்றையும் மாற்ற முடியாது. கேட்டுக் கேட்டு அலுத்துப்போய்க் கடைசியில் உங்களையே குறை சொல்கிறார்கள்.

இதைப் பற்றி விரிவாகச் சொல்வதற்கு முன்னால் வேறொன்று பேச வேண்டியிருக்கிறது. மனசைப் பற்றிக் கேட்டு எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கடிதம் முழுக்கக் காதைப் பற்றித்தான் இருக்கிறது. செய்தி வாசிக்கிற பெண்கள் வார்த்தையை முழுங்குகிறார்கள். சீரியலில் மியூசிக் கேட்கிறது, பேச்சு புரியவில்லை. பேத்தி முணுமுணுக்கிறது. பேக்கரியில் நாலு பேர் பேசினால் ஒன்றும் விளங்கவில்லை. விளம்பரம் மட்டும் காதைப் பிளக்கிறது. இதையெல்லாம் சேர்த்து ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்ச் சொல்லிப் பாருங்கள். 'என்ன தொழில் செய்தீங்க?' என்றுதான் அவர் முதலில் கேட்பார்.

ஓடிக்கொண்டிருக்கிற தறிப்பட்டறைக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். நாடா அடிக்கிற பழைய தறி எட்டு சேர்ந்து ஓடினால் பக்கத்தில் நிற்பவரிடம் காதுக்குள் வாயை வைத்துத்தான் பேச முடியும் என்பது நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்றில்லை. நாளுக்கு எட்டு மணி நேரம், 85 டெசிபலுக்கு மேற்பட்ட சத்தத்தில் வருடக்கணக்காக இருந்தால் காதுக்குக் கேடு என்பது தொழில் மருத்துவத்தில் பொதுவாக ஒப்புக்கொள்ளப்பட்ட அளவு. சொந்தப் பட்டறைக்காரருக்கு ஏது எட்டு மணிக் கணக்கு? ஆள் வராத ராத்திரியில் நீங்களே நின்று ஓட்டியிருப்பீர்கள். நம் பக்கம் காதில் பஞ்சுகூட வைத்துக்கொள்ளாமல் தறி ஓட்டியவர்கள்தான் பெரும்பாலும்.

உள்காதில் மயிரிழை மாதிரி நுண்ணிய செல்கள் இருக்கின்றன. ஒலியை நரம்புக்குக் கடத்துவது அவைதான். ஓயாத சத்தத்தில் அவை சாகும். செத்தால் திரும்ப முளைக்காது. முதலில் அடிபடுவது 3000 முதல் 6000 ஹெர்ட்ஸ் வரை உள்ள கீச்சுக் குரல் பகுதி. பேச்சில் அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கனமான ஒலிகள். அவை உங்களுக்கு நன்றாகவே கேட்கும். ச, ஸ, த, ப என்று வார்த்தையைப் பிரித்துக் காட்டுகிற ஒலிகளின் தெளிவு அந்தக் கீச்சுப் பகுதியில்தான் இருக்கிறது. அதனால் சத்தம் வந்துவிடும், சொல் வந்து சேராது. இந்த மாதிரிக் காது கொண்டவருக்கு 'எனக்குக் காது கேட்கவில்லை' என்று ஒருநாளும் தோன்றாது. 'எதிரில் இருப்பவர் சரியாகப் பேசவில்லை' என்றுதான் தோன்றும். பெண்கள் குரலும் குழந்தைகள் குரலும் சுருதி கூடியவை என்பதால் அவைதான் முதலில் மங்கும். செய்தி வாசிக்கும் பெண்களும் உங்கள் பேத்தியும் ஒரே குற்றத்துக்கு ஆளானது இதனால்தான்.

இன்னொன்றும் உண்டு. இப்படிப் பழுதான காது மெல்லிய ஒலியைத் தவறவிடும், பெரிய ஒலியைச் சாதாரணக் காதைவிடத் திடீரென்று தாங்க முடியாமல் உணரும். வசனம் கேட்கவில்லை என்று வால்யூமை ஏற்றி வைப்பீர்கள். அடுத்த நிமிடம் விளம்பரம் வந்தால் மண்டையில் அடித்த மாதிரி இருக்கும். வீட்டில் மற்றவர்களுக்கோ முதலில் இருந்தே சத்தம் அதிகம். உங்கள் வீட்டில் ரிமோட்டுக்காக நடக்கிற சண்டையில் பாதி இங்கே இருந்து வருகிறது என்று நினைக்கிறேன்.

இது என் ஊகம்தான். ஆடியோமெட்ரி என்ற பரிசோதனை செய்தால் உறுதியாகிவிடும். ஹெட்போனை மாட்டிவிட்டு, ஒலி கேட்கும்போதெல்லாம் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். வலி, ஊசி எதுவும் இல்லை. அரை மணி நேர வேலை. மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேளுங்கள். காது மெஷின் வைக்கச் சொன்னால் தயவுசெய்து தட்டிக் கழிக்காதீர்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள வெட்கப்படாதவர்கள் காது மெஷின் என்றதும் 'எனக்கென்ன செவிடா' என்று எழுந்துபோவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். மனசு பொறுக்கவில்லை. கேளாமையால் மனிதர் மெல்ல மெல்லப் பேச்சை விட்டு, ஆட்களை விட்டு ஒதுங்குகிறார். மறதி நோய் வருவதைத் தள்ளிப்போட நம் கையில் இருப்பவை என்று லான்செட் மருத்துவ இதழின் குழு 2024-ல் பட்டியலிட்ட 14 காரணங்களில் கவனிக்காமல் விட்ட கேளாமையும் ஒன்று. பரிசோதனை இல்லாமல் ஆன்லைனில் ஐந்நூறு ரூபாய்க்கு வருகிற ஒலிபெருக்கியை வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டாம். அது எல்லாச் சத்தத்தையும் ஒன்றாகக் கூட்டும், இருக்கிற காதையும் கெடுக்கும். அதுவரைக்கும் டிவியின் சவுண்ட் செட்டிங்கில் 'க்ளியர் வாய்ஸ்' என்றோ 'டயலாக்' என்றோ இருந்தால் அதைப் போடச் சொல்லுங்கள். ஓரளவு வித்தியாசம் தெரியும்.

பேக்கரியை விட்டதைத்தான் நான் பெரிய இழப்பாக நினைக்கிறேன். நம் ஊரில் பேக்கரி பெஞ்ச் என்றால் டீயும் தேங்காய் பன்னும் மட்டுமா? அங்கே நீங்கள் அரசாங்கத்தைத் திட்டினால், 'அதெப்படிங்க சொல்றீங்க' என்று கேட்க எதிரில் ஒருத்தர் இருந்தார். நூல் விலையைப் பற்றி நீங்கள் தப்பாகச் சொன்னால் திருத்தினார்கள். சரியாகச் சொன்னால் ஒத்துக்கொண்டார்கள். பேச்சு அங்கேயே கரைந்து, வீட்டுக்கு வரும்போது மனசு லேசாக இருந்தது. டிவி உங்களுக்குப் பதில் சொல்லாது. பதில் வராத கோபம் ராத்திரி படுக்கை வரைக்கும் கூடவே வரும். மெஷின் பழகிய பிறகு, கூட்டம் இல்லாத காலை நேரத்தில், ஒன்றிரண்டு பேர் மட்டும் இருக்கும்போது போய் உட்காருங்கள். சுவரை ஒட்டி உட்கார்ந்தால் பின்னால் இருந்து வரும் இரைச்சல் குறையும்.

இனி நியாயமான குறைகளுக்கு வருகிறேன். இவற்றில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

அந்த வரி விவாதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 2025 ஆகஸ்ட் கடைசியில் அமெரிக்கா இந்தியப் பொருட்கள் பலவற்றுக்குக் கூடுதல் வரியை 50 சதவீதமாக்கியது. அதே நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் 20 சதவீதம்தான். வரியைத் துறைமுகத்தில் கட்டுகிறவர் அமெரிக்காவில் இறக்குமதி செய்கிறவர். அவர் அந்தச் சுமையை 'விலையைக் குறைத்துக் கொடு, இல்லாவிட்டால் ஆர்டரை வங்கதேசத்துக்கு மாற்றுகிறேன்' என்று திருப்பூர் கம்பெனி மேல் தள்ளுவார். கம்பெனி முதலில் ஓவர்டைமை நிறுத்தும், பிறகு ஷிப்டைக் குறைக்கும், பிறகு பீஸ் ரேட்டில் கை வைக்கும். உங்கள் மகனுக்கு ஓவர்டைம் நின்றது ஏன் என்பதை இவ்வளவு பேச்சில் சொல்லிவிடலாம். ஒரு மணி நேரம் கிடைத்தும் அந்த நாலு பேரும் இதைச் சொல்லவில்லை என்றால் கோபம் வரத்தான் செய்யும். எனக்கும் வருகிறது.

ஏன் சொல்வதில்லை? விவாதம்தான் சேனலுக்கு மலிவான நிகழ்ச்சி. நாலு பேரை வீடியோவில் இணைத்து ஒரு நெறியாளரை உட்கார வைத்தால் ஒரு மணி நேரம் ஓடிவிடும். ஒரு நிருபரையும் கேமராமேனையும் திருப்பூருக்கு அனுப்பி, கட்டிங் மாஸ்டரையும் செக்கிங் பண்ணுகிற பெண்களையும் சாயப்பட்டறைக்காரரையும் பார்த்துப் பேசிவர ஆளும் செலவும் நாளும் வேண்டும். ரேட்டிங்தான் காரணம் என்பார்கள். செய்தி சேனல்களின் ரேட்டிங் 2020 அக்டோபரில் நிறுத்தப்பட்டு 2022 மார்ச்சில்தான் மறுபடி வந்தது. அந்த ஒன்றரை வருடத்தில் கத்தல் குறைந்ததா? குறையவில்லை.

இதில் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. டிவியில் யார் எதைப் பார்க்கிறார்கள் என்று கணக்கெடுக்கும் பார்க் அமைப்பு, நாடு முழுக்க ஐம்பதாயிரத்துச் சொச்சம் வீடுகளில்தான் மீட்டர் வைத்திருக்கிறது. டிவி உள்ள வீடுகளோ இருபது கோடிக்கு மேல். உங்கள் வீட்டில் மீட்டர் இல்லை என்றால் நீங்கள் டிவியில் அந்த விவாதத்தைப் பார்ப்பதும் பார்க்காததும் கணக்கில் ஏறாது. யூடியூபில் அப்படி இல்லை. அங்கே நீங்கள் பார்க்கிற ஒவ்வொரு நிமிடமும் உங்கள் பேரில் எழுதப்படுகிறது. ராத்திரி பதினொரு மணிக்குப் பல்லைக் கடித்துக்கொண்டு நீங்கள் மறுபடி பார்க்கிற அந்த வீடியோ, 'இவருக்கு இது வேண்டும், இன்னும் நாலு காட்டு' என்றுதான் அங்கே பதிவாகும். கீழே திட்டி கமெண்ட் போட்டால் அதையும் ஆர்வம் என்றே எடுத்துக்கொள்ளும். எத்தனை பேருக்குப் பிடிக்கவில்லை என்ற எண்ணிக்கையை 2021 நவம்பரிலேயே பொதுப் பார்வையில் இருந்து எடுத்துவிட்டார்கள். ஆக, உங்களுக்குப் பிடிக்காதவர்களுக்கு நீங்களே ஊதியம் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அதை நிறுத்துங்கள். யூடியூப் செட்டிங்கில் நீங்கள் பார்த்தவற்றின் பதிவை நிறுத்தி வைக்கவும் பழையதை அழிக்கவும் வழி இருக்கிறது. இரண்டையும் செய்தால் முகப்பில் வரிசையாக வந்து நிற்கும் வீடியோக்கள் போய், தேடுகிற பெட்டி மட்டும் நிற்கும். வேண்டியதைத் தேடிப் பார்க்கலாம். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் போன் வேறு அறையில் இருக்கட்டும். செய்தி கட்டாயம் வேண்டும் என்றால் அதற்கு வானொலி இருக்கிறது. பத்து நிமிடத்தில் நாடு, மாநிலம், மழை நிலவரம் எல்லாம் முடிந்துவிடும். காலையில் பேப்பர் இருக்கிறது.

விளம்பரச் சத்தம் பற்றிய உங்கள் குறைக்குச் சட்டமே துணை நிற்கிறது. 1994-ம் ஆண்டு கேபிள் டிவி விதிகளின்படி விளம்பரத்தின் படமும் ஒலியும் மிதமிஞ்சிக் கூச்சலாக இருக்கக் கூடாது. ஒரு மணி நேர நிகழ்ச்சியில் விளம்பரம் 12 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அதில் சேனல் தன் நிகழ்ச்சிகளுக்கே செய்துகொள்ளும் விளம்பரமும் அடக்கம். நீங்கள் ஒரு கடிகாரத்தை வைத்துப் பாருங்கள். தாண்டினால் எழுதுங்கள். 2021-ல் திருத்திய விதிப்படி முதலில் சேனலின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத வேண்டும். புகார் கிடைத்தது என்று அவர் 24 மணி நேரத்தில் தெரிவிக்க வேண்டும், 15 நாளில் முடிவு சொல்ல வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாளுக்குள், அந்தச் சேனல் சேர்ந்திருக்கும் சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு செய்யலாம். எழுதும்போது நாட்டு நடப்பு முழுக்க எழுத வேண்டாம். 'இன்ன தேதி, இரவு 8 முதல் 9 மணி வரை, இன்ன நிகழ்ச்சி. விளம்பரம் மொத்தம் இத்தனை நிமிடம் வந்தது. நிகழ்ச்சியைவிட விளம்பரத்தின் ஒலி அதிகமாக இருந்தது. கேபிள் டிவி விதி 7-ன்படி நடவடிக்கை எடுத்துப் பதில் தரக் கோருகிறேன்.' இவ்வளவு போதும். உடனே சேனல் மாறிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன்; 12 நிமிடக் கட்டுப்பாட்டை எதிர்த்துச் சேனல்கள் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கின்றன. ஆனாலும் கோபம் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகும். எழுதி முடித்த அன்று நன்றாகத் தூங்குவீர்கள்.

ரேஷன் கடை, பேங்க் விஷயம் இதைவிட முக்கியம். நூலைத் தொட்டுத் தொட்டு, பாவு நூலைப் பிணைத்துப் பிணைத்து விரல் ரேகை தேய்ந்துபோன மனிதரிடம் 'ரேகை விழல, அடுத்த வாரம் வாங்க' என்பது அவமானப்படுத்துகிற வேலை. நீங்கள் செய்த உழைப்பே உங்களுக்கு எதிராக நிற்கிறது. கருவிழியைப் பதிந்து பொருள் கொடுக்கும் வசதி பல கடைகளுக்கு வந்திருக்கிறது. உங்கள் கடையில் உண்டா என்று கேளுங்கள். இல்லை என்றால் திங்கட்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுங்கள். அதற்கு முன் ஆதார் மையத்தில் ரேகையையும் கருவிழியையும் புதுப்பித்துவிடுங்கள். பேங்க்கில் எல்லாவற்றுக்கும் ஆப்பைக் காட்டி அனுப்பினால், உங்கள் கோரிக்கையை எழுத்தில் கொடுத்து நகலில் சீல் வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் புகார் செய்யலாம். விவரம் கேட்க 14448. டிஜிட்டல் சேவையை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்புச் சொன்னது. கேமராவைப் பார்த்துக் கண் சிமிட்டச் சொல்லும் கேஒய்சி என்ற அடையாளச் சரிபார்ப்பு முறையில் சிக்கிக்கொண்ட பார்வையற்றவர்களும் ஆசிட் வீச்சில் முகம் சிதைந்தவர்களும் போட்ட வழக்கு அது. அவர்களும் முதலில் உங்களைப் போலக் குறை சொன்னவர்கள்தான். அவர்கள் வழக்குப் போட்டதால் நாடு முழுக்க விதிகளை மாற்ற உத்தரவு வந்தது.

வாட்ஸ்அப்பில் மட்டும் உங்களோடு எனக்குச் சண்டை. 2023 மார்ச் ஞாபகம் இருக்கிறதா? தமிழ்நாட்டில் பிகார் தொழிலாளர்களை வெட்டிக் கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் பரவின. அவை இதற்குச் சம்பந்தமில்லாமல், வேறு காரணத்துக்கு நடந்த சம்பவங்கள். பிகாரில் இருந்து அதிகாரிகள் குழு திருப்பூருக்கே வந்து தொழிலாளர்களிடம் பேசி, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்ல வேண்டியதாயிற்று. அதற்குள் எத்தனையோ பேர் பயத்தில் மூட்டை கட்டி ரயில் ஏறிவிட்டார்கள். அந்த வீடியோவை அனுப்பியவர்கள் எல்லோரும் கெட்டவர்களா? உங்களைப் போல 'நாலு பேருக்குத் தெரியட்டும்' என்று அனுப்பியவர்களும் இருப்பார்கள். ஒரு தகவலின் மேல் இரட்டை அம்புக்குறி இருந்தால் அது பலமுறை கைமாறி வந்தது என்று பொருள். அதை ஒரு நேரத்தில் ஒருவருக்கோ ஒரு குரூப்புக்கோ மேல் அனுப்ப முடியாதபடி 2020-ல் வாட்ஸ்அப்பே கட்டுப்படுத்தியது. ஊரும் தேதியும் இல்லாத வீடியோவை அனுப்புவதே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். டிவியிடம் எதிர்பார்க்கிற நாணயத்தை நம் போனிலும் காட்ட வேண்டும் அல்லவா? போலீஸ் என்று வீடியோ காலில் வந்து 'டிஜிட்டல் கைது' என்று மிரட்டினால் வைத்துவிடுங்கள். அப்படி ஒரு கைது சட்டத்தில் இல்லை. பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-ஐக் கூப்பிடுங்கள்.

சீரியல் விஷயம். ஒரு அறையை மூன்று கோணத்தில் மூன்று தடவை காட்டுவதும், மருமகள் அழுவதையே மாதக்கணக்கில் ஓட்டுவதும் எனக்கும் பிடிக்கவில்லை. பொறுத்துப் போவதுதான் பெண்ணுக்கு அழகு என்று தினமும் சாயங்காலம் சொல்லிக்கொடுப்பது கெடுதல் என்றே நினைக்கிறேன். ஆனால் அதைச் சொல்வதற்கு, அவர் பார்த்துக்கொண்டிருக்கும் அந்த நேரம்தானா கிடைத்தது? நீங்கள் தறி ஓட்டிய முப்பத்தைந்து வருடமும் அந்த அம்மா சமையலும் பார்த்து, தறிக்கு நூலைத் தாரில் சுற்றியும் கொடுத்திருப்பார். அவர் கால் நீட்டி உட்காரும் நேரம் அதுதான். 'இதையெல்லாம் மனுசன் பார்ப்பானா' என்று நீங்கள் சொன்னால் அவர் காதில் விழுவது 'நீயெல்லாம் ஒரு மனுசியா' என்றுதான். அந்த நேரத்தில் நீங்கள் வெளியே கிளம்பலாம். கிளம்பவில்லையென்றால், விளம்பர இடைவேளையில் 'இந்தப் புள்ள யாரு, இதுக்கு என்ன ஆச்சு' என்று கதையைக் கேளுங்கள். அவரும் அந்தச் சீரியலைப் பற்றி உங்களைவிடக் கடுமையாகத் திட்டக்கூடும்.

மாத்திரை கேட்டீர்கள். கடிதத்தில் தெரிகிற அளவுக்கு அவசியம் இல்லை. தொழிலை எடைக்குப் போட்டுவிட்டு உட்கார்ந்தவருக்கு மனசு கனப்பது இயற்கை. தறி நின்ற துக்கத்தை நீங்கள் யாரிடமும் சொல்லவில்லை என்றும் எனக்குத் தோன்றுகிறது. இரண்டு வாரத்துக்கு மேல் விடியற்காலை மூன்று மணிக்கே முழிப்பு வருவது, சோறு இறங்காதது, எதிலும் பிடிப்பில்லாதது, இருந்தென்ன என்ற நினைப்பு, இவற்றில் எதுவும் இருந்தால் தள்ளிப்போடாமல் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள். எந்த நேரத்திலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416-ல் தமிழிலேயே இலவசமாகப் பேசலாம். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. எரிச்சலுக்கு அவையும் காரணமாகலாம்.

கடைசியாக, இந்தப் பகுதியை உங்கள் மகனிடம் காட்டுங்கள்.

தம்பி, அப்பாவை டாக்டரிடம் போகச் சொன்னது சரி. அரை நாள் லீவு போட்டு நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள், முதலில் காது டாக்டரிடம். அங்கே அப்பாவுக்குப் பதிலாக நீங்கள் பதில் சொல்ல வேண்டாம். வீட்டில் அவரிடம் பேசும்போது பின்னால் இருந்தோ சமையலறையில் இருந்தோ கத்தாமல், முகத்தைப் பார்த்து நிதானமாகப் பேசச் சொல்லிப் பேத்திக்கும் பழக்குங்கள். யூடியூபில் நான் சொன்ன மாற்றத்தைச் செய்யும்போது போனை வாங்கி நீங்களே நாலு தட்டு தட்டிக் கொடுத்துவிடாதீர்கள். அவர் விரலாலேயே செய்யட்டும், மறந்தால் மறுபடி காட்டுங்கள். எட்டு தறிக்கும் தானே பழுது பார்த்த கை அது. காதில் குரும்பி அடைத்திருக்கிறதா என்று டாக்டர் முதலில் பார்ப்பார். சில நேரம் அதை எடுத்தாலே பாதி கேட்க ஆரம்பித்துவிடும். முந்தின நாள் எண்ணெய் விட்டு ஊக்கால் குடைந்துவிட்டுப் போக வேண்டாம் என்று மட்டும் அப்பாவிடம் சொல்லிவிடுங்கள்.